டெக்ஸ்ட் ஃபைலை ஈபப் ஆக்கினா பாட்டு நம்பர் மாறிப்போகுது, அடிகளும் ஒட்டிக்குது

பனையோலை:
வணக்கம். புறநானூறு மூலம் மட்டும் டெக்ஸ்ட் ஃபைலா வச்சிருக்கேன். அப்பா போன்ல படிக்கட்டும்னு ஈபப் (மின்னூல்) ஆக்க, அதை மார்க்டவுனா (சின்னக் குறிகள் போட்டு வடிவமைக்கிற எழுத்து முறை) எடுத்துக்கச் சொல்லி பாண்டாக்ங்கிற ஃபைல் மாத்துற மென்பொருள்ல ஓட்டினேன். எரர் ஒண்ணும் வரல, ஆனா திறந்து பார்த்தா ஒவ்வொரு பாட்டும் உரைநடை மாதிரி ஒரே பத்தியா ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைவிட மோசம் நம்பர். 266 வரைக்கும் சரி, அடுத்து 269 வர வேண்டிய இடத்துல 267ன்னு போட்டிருக்கு, அப்படியே போய் கடைசிப் பாட்டு 398ல முடியுது. என் ஃபைல்ல 400ன்னுதான் இருக்கு, மூணு தடவை பார்த்துட்டேன். அப்பா நம்பரை வச்சுத்தான் பாட்டைத் தேடுவார், இதை எப்படிக் குடுக்கறது?

வைகைக்கரை:
தம்பி, 267, 268 ரெண்டு பாட்டும் ஏடுகள்லயே கிடைக்கல, அதனால உங்க ஃபைல் சரிதான். வரி ஆரம்பத்துல நம்பர், புள்ளி, இடைவெளி வந்தா மார்க்டவுன் அதை லிஸ்ட்னு எடுத்துக்கும். முதல் நம்பரை மட்டும்தான் பார்க்கும், மத்ததெல்லாம் அதுவே வரிசையா எண்ணிக்கும்.

எல்லா நம்பரையும் தலைப்பா மாத்திடுங்க. ரெகெக்ஸ் (ஒரே மாதிரி அமைப்பை மொத்தமா தேடி மாத்துற முறை) வச்சு "269." இருக்கிற இடத்துல "## 269"ன்னு போட்டு, கீழ ஒரு வெற்று வரி விட்டு பாட்டை ஆரம்பிங்க. பொருளடக்கமும் தானா வந்துடும். அப்புறம் ஒவ்வொரு அடிக்கு முன்னாடியும் "|" போட்டு ஒரு இடைவெளி விடுங்க, அடி உடையாம நிக்கும். 267, 268க்கும் தலைப்பு போட்டு "கிடைக்கவில்லை"ன்னு எழுதிடுங்க, படிக்கிறவங்க புக்குல தப்புன்னு நினைக்கக் கூடாது.

சுவடிப்பிரியை:
இன்னொண்ணும் பாருங்க, கடைசி நூறு பாட்டுல சிதைஞ்ச இடங்கள் நிறைய, எழுத்து போன இடத்துல புள்ளி புள்ளியா போட்டிருப்பாங்க. பாண்டாக்ல ஸ்மார்ட்ங்கிற வசதி ஆன்ல இருந்தா மூணு மூணு புள்ளியைச் சேர்த்து ஒரே குறியா ஆக்கிடும். 1894ல உ.வே.சா. முதல் பதிப்பு கொண்டு வந்ததுலேர்ந்து அந்தப் புள்ளிகளும் பாட்டோட சேர்ந்ததுதான், அதனால ஸ்மார்ட்டை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க.

ஃபைல் டிஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டுலேர்ந்து யூனிகோடுக்கு மாத்தினதா இருந்தா "கொ"வை "கெ"யும் துணைக்காலுமா பிரிச்சு வச்சிருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா சில ரீடர்ல தேடினா வராது. என்எஃப்சி நார்மலைஸ் (பிரிஞ்ச குறிகளை ஒண்ணாக்குற யூனிகோடு முறை) பண்ணினா சேர்ந்துடும். ஆனா "ஔ"வுக்கு "ஒ"வும் "ள"வும் அடிச்சிருந்தா அதை கையாலதான் திருத்தணும்.

பனையோலை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இப்ப 400ல முடியுது! "கொற்ற"ன்னு தேடினா முன்னாடி ஒண்ணுமே வரல, இப்ப வரிசையா வருது. ஒண்ணே ஒண்ணு, அப்பா எழுத்தைப் பெருசாக்கினா நீள அடி மடிஞ்சு, கடைசிச் சீர் அடுத்த அடி மாதிரி நிக்குது.

வைகைக்கரை:
பாண்டாக் பாட்டு முழுசையும் ஒரே பெட்டியில வச்சு நடுவுல பிஆர் டேக் (வரியை உடைக்கிற குறி) போடுது, அதான். சிகில்ங்கிற ஈபப் எடிட்டர்ல திறந்து ஒவ்வொரு அடியையும் தனித்தனி பி டேக் (பத்திக் குறி) ஆக்குங்க. சிஎஸ்எஸ்ல (புக்கோட தோற்றத்தைச் சொல்ற பகுதி) இடது பேடிங் 2 எம் (எழுத்து அளவை வச்ச அலகு), டெக்ஸ்ட் இண்டென்ட் மைனஸ் 2 எம், மேல கீழ மார்ஜின் சுழியம். மடிஞ்ச சீர் உள்ள தள்ளி நிக்கும்.