ஏற்காடு போர்டு நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது

குழு: அழகாபுரம் வீடு

அண்ணி: கோடை விழாவுக்கு வர்றவங்களுக்காக ஏற்காடு ஹோம்ஸ்டே வாசல்ல மாட்டப் போற போர்டு. யாராச்சும் பாத்துச் சொல்லுங்க 🙏
"செக்-இன் இன் 12 நூன். செக்-அவுட் விதின் 11 ஏஎம். ஹாட் வாட்டர் இன் மார்னிங் சின்ஸ் 6 டு 9. கேம்ப்ஃபயர் இன் நைட் 7.30. காஃபி எஸ்டேட் வாக் ஆன் எவ்ரி சண்டே, எ ஹவர். நோ வாக் இன் 24 மே."

சித்தப்பா: பிரிண்டை நிறுத்தி வைம்மா. வரிக்கு வரி இடிக்குது.

சித்தப்பா: முதல்ல தமிழ்ல சொல்லிப் பாரு. "12 மணிக்கு": க்கு வந்தா அட். "24-ஆம் தேதி அன்னைக்கு": அன்னைக்கு வந்தா ஆன். "மே மாசத்துல, 2026-ல, காலையில": ல வந்தா இன். முக்கால்வாசி இதுலயே சரியாயிடும்.

அத்தை: ராத்திரியிலன்னும் ல தானே தம்பி வருது?

சித்தப்பா: அங்கதான் இடறும்க்கா. இன் த மார்னிங், இன் தி ஆஃப்டர்நூன், இன் தி ஈவ்னிங். ஆனா அட் நைட், அட் நூன். இந்த ரெண்டுக்கும் "த" கிடையாது.

அத்தை: "இட் ரெயின்ட் இன் த நைட்"னு படிச்ச ஞாபகம் இருக்கே.

சித்தப்பா: அதுவும் சரிதான். அந்த ஒரு ராத்திரியில எப்பவோ பெஞ்சுதுன்னா அப்படி. பொதுவா ராத்திரின்னா அட் நைட். போர்டுல ரெண்டுமே வேண்டாம். நமக்குத்தான் ஏழரை ராத்திரி, இங்கிலீஷ்ல அது ஈவ்னிங். "அட் 7.30 பிஎம்" போதும். பிஎம் போட்டப்புறம் இன் தி ஈவ்னிங் தேவையில்லை.

அக்கா: அண்ணி, விதினுக்குப் பின்னாடி நேர அளவுதான் வரும், விதின் டூ ஹவர்ஸ் மாதிரி. "11 மணிக்குள்ள"ன்னா பை 11 ஏஎம். பை இருக்கிற இடத்துல அன்டில் போட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவை பணம் கட்டினாப் போதும்னா பை ஃபிரைடே. வெள்ளி வரைக்கும் தொடர்ந்து தங்குறதுன்னா அன்டில் ஃபிரைடே.

குட்டி: சின்ஸ் ஏன் தப்பு? 6-லருந்து தானே

அக்கா: சின்ஸ்னா அப்ப ஆரம்பிச்சது இன்னும் ஓடணும்டா. சுடுதண்ணி 9-க்கு நின்னுடுதுல்ல, அதனால ஃப்ரம் 6 டு 9. "ரெண்டு வருஷமா"ன்னா ஃபார் டூ இயர்ஸ். "2024-லருந்து"ன்னாத்தான் சின்ஸ் 2024. சேலம் பூரா "சின்ஸ் டூ இயர்ஸ்"தான் கேக்குது. வினைச்சொல்லும் மாறணும்: "வி ஆர் ரன்னிங் சின்ஸ் 2024" கிடையாது, "வி ஹேவ் பீன் ரன்னிங்".

சித்தப்பா: எவ்ரி, லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், இந்த நாலுக்கும் முன்னாடி ஆன், இன் எதுவும் ஒட்டாது. வெறும் "எவ்ரி சண்டே". நெக்ஸ்ட் சண்டேன்னு போர்டுல எழுதவே எழுதாதே. இந்த ஞாயிறா அடுத்ததான்னு ஃபோன் வரும். தேதி போட்டுடு.

குட்டி: சண்டே காலையிலன்னா இன் த சண்டே மார்னிங்?

சித்தப்பா: கிழமை வந்துட்டா காலைக்கு மதிப்பில்லை. ஆன் சண்டே மார்னிங். "த"வும் போயிடும்.

அக்கா: எ ஹவர் இல்ல, அன் ஹவர். எழுத்தைப் பாக்காதீங்க, சத்தத்தைப் பாருங்க. வாயில "அவர்"னுதானே வருது. ஆனா "எ ஒன்-ஹவர் வாக்"னா எ தான், ஒன் "வ"ல ஆரம்பிக்குது. ரெண்டு மணி நேரம்னாலும் "எ டூ-ஹவர் வாக்", ஹவர்ஸ் ஆகாது.

அண்ணி: 24 மேக்கு முன்னாடி "த" வேணுமா?

சித்தப்பா: எழுதும்போது ஆன் 24 மே. வாய்விட்டுப் படிக்கும்போது "ஆன் த ட்வென்ட்டி ஃபோர்த் ஆஃப் மே". இன் மேன்னா "த" வராது. 12 நூனை 12 பிஎம்னு மாத்திடாதே, நூனே குழப்பமில்லாம இருக்கு.

அண்ணி: "செக்-இன் அட் 12 நூன். செக்-அவுட் பை 11 ஏஎம். ஹாட் வாட்டர் ஃப்ரம் 6 டு 9 இன் த மார்னிங். கேம்ப்ஃபயர் அட் 7.30 பிஎம். எ ஒன்-ஹவர் காஃபி எஸ்டேட் வாக் ஆன் எவ்ரி சண்டே. நோ வாக் ஆன் 24 மே."

அத்தை: எவ்ரிக்கு முன்னாடி அந்த ஆன் இன்னும் நிக்குது பாரு.

அண்ணி: தூக்கிட்டேன் அத்தை 😅 அனுப்பிடறேன்.