ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்: எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

மன்னார்குடியில் மாமா உரக்கடை வைத்திருக்கிறார். கடை கேமராவைச் சென்னையிலிருந்தே மகன் பார்க்க வேண்டும் என்றார். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆருக்கு அனுப்பும்படி விதி எழுதினேன், போர்ட் ஃபார்வர்டிங் என்பது இதுதான். போர்ட் எண், உள் ஐபி (கடை வலைக்குள் டிவிஆரின் முகவரி) எல்லாம் சரி. கடை வைஃபையில் படம் வந்தது, வெளியே போனால் வரவில்லை.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (இணையப் பக்கத்தில் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) 100.72 என்று தொடங்கியது. பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரிகள் போதாததால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கிறார்கள். சிஜிநேட் என்பது இதுதான். வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், நம் விதிவரை வந்து சேராது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ரவுட்டர் காட்டும் வேன் ஐபியும், ஐபி காட்டும் இணையதளம் சொல்வதும் ஒன்றா? வேறு வேறு என்றால் விதியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. மாமா கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்கினார், படம் வந்தது.

பதில்:
எங்கள் வீட்டில் வேன் ஐபி 192.168 என்று இருந்தது அண்ணா. வீட்டுக்குள்ளேயே இரண்டு நேட், அதாவது ஒரே முகவரியைப் பல கருவிகளுக்குப் பங்கு வைக்கும் வேலை இரண்டு இடத்தில்! ஃபைபர்காரர் வைத்த பெட்டி ஒன்று, அதன் பின்னால் நாங்கள் வாங்கிய ரவுட்டர். பெட்டியை, இணைப்பை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொன்னோம், தீர்ந்தது. இன்னொன்று: கரண்ட் போய் வந்ததும் டிவிஆர் வேறு உள் ஐபி வாங்கிக்கொள்ளும், விதி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் உள் ஐபி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து பொது ஐபியை அழைத்தால் சில ரவுட்டர்கள் அதை உள்ளே டிவிஆருக்குத் திருப்பி அனுப்பாது.

பதில்:
இருவரும் சொன்னது சரி. ஆனால் டிவிஆரை நேராக இணையத்துக்குத் திறந்து வைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடிப் பிடித்தது. அந்த அக்டோபரில் இணையதளப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அவற்றை வைத்தே தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குக் கிடைக்கவில்லை. மாமா கடையில் அந்த விதியை எடுத்துவிடுங்கள். வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து கடை வலைக்குள் வரும் பாதுகாப்பான வழி) அமைத்து அதன் யுடிபி போர்ட்டை மட்டும் திறந்தால் போதும், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே தராது. யுபிஎன்பி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், கருவிகள் நம்மைக் கேட்காமலே போர்ட் திறக்க விடும் வசதி அது. பொது ஐபி வாங்க முடியாதவர்கள் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளிருந்து வெளியே போய் இணைவதால் சிஜிநேட் இருந்தாலும் வேலை செய்யும், ரவுட்டரில் விதியே வேண்டாம்.