கார்பமினோ, கார்பாக்ஸி: ஏறு, ஒட்டு, அடை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகக் ‘குருதிக்காவி’ என்பதை வைப்பதை ஒரு நண்பர் மறுத்திருந்தார். காவி என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும் என்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காவடி. காவுதல் என்றால் சுமத்தல். அந்த வேர் இன்னும் தோளில் ஏறி நடக்கிறது. எனவே குருதிக்காவியை நான் விடமாட்டேன். என் கவலை, அதற்கு முன்னால் வரும் அடைமொழிகள்.

கார்பமினோ ஹீமோகுளோபின், கார்பாக்ஸி ஹீமோகுளோபின் இரண்டையும் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு ஆண்டும் தடுமாற்றம். முதலாவதில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. இரண்டாவதில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. ‘கார்பாக்ஸி’ என்ற ஒலியில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கேட்பதால், பிள்ளைகள் அதையே கார்பன் டை ஆக்சைடு என்று எழுதிவிடுகிறார்கள்.

இது மதிப்பெண்ணோடு போகிற பிழை அல்ல. கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டு மாணவன் ஒருவன் சொன்னான்: மார்கழிக் குளிரில் குஞ்சுகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று தொட்டிக்கரியை (தேங்காய்ச் சிரட்டைக் கரி) சட்டியில் மூட்டி, நான்கு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, அப்பா உள்ளேயே படுத்திருக்கிறார். விடியும்போது தலைவலி, கிறுகிறுப்பு. ‘கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது சார்’ என்றான். இல்லை. பெரும்பாலும் அது மோனாக்சைடாகத்தான் இருந்திருக்கும்.

ஆக்சிஜன் உட்காரும் இடம், ஹீமோகுளோபினின் ஹீம் என்ற பகுதியில் உள்ள இரும்பு. ஒரு மூலக்கூறில் நான்கு இடங்கள். நுரையீரலில் ஏறும், திசுவில் இறங்கும். கார்பன் டை ஆக்சைடு அந்த இருக்கையைத் தொடுவதே இல்லை. குளோபின் புரதச் சங்கிலியின் அமினோ முனையில் சேர்கிறது. அதுவும் ஒரு பகுதிதான். ஏறத்தாழ 70 சதவீதம் பைகார்பனேட்டாகப் போகிறது, 20 முதல் 25 சதவீதம் புரதத்தில், மீதி கரைந்த நிலையில். நுரையீரலில் ஆக்சிஜன் ஏற ஏறப் புரதத்தில் சேர்ந்திருந்தது கழன்றுவிடும். இதைத்தான் ஹால்டேன் விளைவு என்கிறோம். மோனாக்சைடோ ஆக்சிஜனின் இருக்கையிலேயே அமர்கிறது. இரும்போடு அதற்குள்ள பிடிப்பு இருநூறு மடங்குக்கும் மேல். எளிதில் எழுந்திருக்காது.

மூன்றும் மூன்று வெவ்வேறு செயல்கள். அப்படியானால் மூன்று வினைகளே பெயரில் நிற்கட்டும். வினைத்தொகை நம் கையில் இருக்கிறது. ஆக்சிஜனுக்கு ‘உயிர்வளியேறு காவி’, டை ஆக்சைடுக்குக் ‘கரிவளியொட்டு காவி’, மோனாக்சைடுக்கு ‘நச்சுவளியடை காவி’. பெயரைப் படித்தாலே எது எங்கே என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ‘கரிவளிக் காவி’ போதும் என்று முன்பு வந்த பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்; அது ஒட்டியதையும் அடைத்ததையும் பிரித்துக் காட்டாது.

‘ஒட்டு’ எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஒட்டுமாங்கன்றில் சேர்த்தது பிரிவதில்லை. இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து கழல்கிறது. ‘தொற்று’ பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். டவுன் பஸ்ஸில் இருக்கையில் உட்காராமல் படியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்தான் கண் முன் வந்தார். ஆனால் மருத்துவத்தில் அந்தச் சொல்லை நோய் எடுத்துக்கொண்டுவிட்டது. வேறு நல்ல வினை யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.

‘அடை’யை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், மோனாக்சைடு அடைத்த காவியையும் ஆக்சிஜன் ஏறிய காவியாகவே பெரும்பாலும் எண்ணிக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டக்கூடும். கருவிக்குத் தெரியாத அந்த வேறுபாடு சொல்லிலாவது இருக்கட்டும்.