‘வித்ட்ராயல் ஆஃப் ரெஃபரன்ஸ்’: வாபஸா, மீட்பா?

நியூஜெர்சியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சட்டக் கையேட்டைத் தமிழாக்கித் தர வேண்டும். அமெரிக்காவில் திவால் வழக்குகள் சட்டப்படி கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. அது பொதுவான ஓர் ஆணை போட்டு அவற்றைத் திவால் நீதிபதிகளிடம் விட்டுவைக்கிறது, அதுதான் ரெஃபரன்ஸ். தக்க காரணம் இருந்தால் முழுவதையுமோ ஒரு பகுதியையோ தானே எடுத்துக்கொள்ளும். அதுதான் வித்ட்ராயல் ஆஃப் ரெஃபரன்ஸ், இதற்குத்தான் சொல் வேண்டும். ‘பரிந்துரை வாபஸ்’ என்று எழுதி அண்ணனிடம் காட்டினேன். “அப்ப கேஸ் முடிஞ்சுதா?” என்றார்.

சென்னை வழக்கறிஞர்:
அண்ணன் கேட்டது சரி. வாபஸ் என்றால் வழக்கே போச்சு. பரிந்துரையும் ஆகாது, இங்கே யாரும் சிபாரிசு செய்யவில்லை. ‘வழக்கு மாற்றம்’ போதுமே?

நியூஜெர்சி:
ஓர் ஊர் நீதிமன்றத்திலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கு அதை வைத்துவிட்டேன், ஐயா.

தஞ்சைப் புலவர்:
வெட்சியார் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. ‘வழக்குக் கரந்தை’ என்க. தவிர, திவால் இந்துஸ்தானிச் சரக்கு. நொடிப்பு இருக்க அது எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பக்கம் வங்குரோத்து. ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

சென்னை வழக்கறிஞர்:
புலவரே, திவால் நீதிபதி மாடு திருடினாரா? அவர் பதவிக்காலம் 14 ஆண்டு. மாவட்ட நீதிபதிக்கோ ஆயுட்காலம். முன்னவருக்கு அளவுக்கு மீறி அதிகாரம் கொடுத்தது செல்லாது என்று 1982இல் மாரத்தான் பைப்லைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1984 திருத்தத்தில் வந்ததுதான் இந்த ஏற்பாடு. குத்தகைக்கு விட்ட நிலம் மாதிரி, உரிமை எப்போதும் மாவட்ட நீதிமன்றத்துடையது. அதனால் ரெஃபரன்ஸுக்கு ‘ஒப்படைப்பு’ பொருந்தும்.

தஞ்சைப் புலவர்:
அப்படியானால் ‘மீளவாங்கல்’. வாங்குதல் என்றால் முதலில் வளைத்தல், தன்பால் இழுத்தல். வில்லை வாங்கினான் என்றால் கடையிலா வாங்கினான்? பின்வாங்குவதிலும் அந்தப் பொருளே. வளை, வணங்கு, வாங்கு எல்லாம் ஒரு வேர் என்பது அடியேன் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் ஆசிரியை:
ஐயா, திவால் கையேட்டில் ‘மீளவாங்கல்’ என்று பார்த்தால் கம்பெனி தன் பங்குகளைத் திரும்ப வாங்குகிறது என்றுதான் நினைப்பார்கள். பெயரை விடுங்கள், வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “ஜூரி விசாரணை கோரும் பிரதிவாதி, ஒப்படைப்பை மீட்டுக்கொள்ளும்படி மாவட்ட நீதிபதியைக் கேட்கலாம்.” ஓடுகிறதே!

சென்னை வழக்கறிஞர்:
ஓடுகிறது. மீட்பு என்றால் அடகுக்கடை நினைவு வருகிறது. இருக்கட்டும், எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு.

நியூஜெர்சி:
சரி, ‘ஒப்படைப்பு மீட்பு’ என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் “வழக்கு முடியவில்லை, விசாரிக்கும் நீதிமன்றம்தான் மாறுகிறது” என்று ஒரு வரி. அண்ணன் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

தஞ்சைப் புலவர்:
என் மறுப்பு பதிவாகட்டும். நொடிப்பையாவது ஏற்றீர்களா?

நியூஜெர்சி:
திவால்தான், ஐயா. அச்சுக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அடைப்புக்குறிக்குள்ள எண்டாலும் வங்குரோத்து போட்டிருக்கலாம்.