நாய் நகக் கீறலுக்கு மரத்தரையில் என்ன செய்யலாம்?

வணக்கம். எங்கள் ஹாலில் ஓக் மரத்தரை, மேலே பாலியூரித்தேன் பூச்சு. வாசல் மணி அடித்தால் போதும், நாய் ஒரே பாய்ச்சல். அது திரும்பும் இடத்தில் பிறை பிறையாக வெள்ளைக் கீறல்கள். ஈரத்துணியால் துடைத்தால் மறைகின்றன, காய்ந்ததும் மறுபடி தெரிகின்றன. அப்படியென்றால் கீறல் பூச்சோடு சரி, மரம் தப்பித்தது என்று நினைக்கிறேன். முழுக்க இழைக்காமல், லேசாகத் தேய்த்துவிட்டு இன்னொரு கோட் அடித்தால் போதுமா? முன்பு யாராவது மெழுகு போட்டிருந்தால் புதுப் பூச்சு ஒட்டாதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பளபளப்பைவிட மேட் பூச்சில் கீறல் அவ்வளவாகத் தெரியாது, அதற்கே மாறிவிடலாம் என்றிருக்கிறேன்.

அப்புறம், விரிப்பு போடலாம் என்றால் ரப்பர் அடிப்பாகம் பூச்சில் கறை விடலாம். வழுக்காமலிருக்க நீங்கள் அடியில் என்ன போடுகிறீர்கள்? நகமெல்லாம் ஒழுங்காக வெட்டுகிறோம். காலுறை வேண்டாம், மென்றுவிடும்.