கொலராடோ ஆறு வரை இறங்குவது ஒரு நாளில் இயலுமா?

உப்புவெளி வாசகர்:
வணக்கம். ஐப்பசியில் அரிசோனாவிலுள்ள மகளிடம் செல்லும்போது, கிராண்ட் கன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தென் விளிம்பிலிருந்து ஆறு வரை இறங்கி அன்றே திரும்ப விரும்புகிறேன். நாள்தோறும் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடக்கும் எனக்கு இது இயலுமா?

மறுமொழி 1:
ஐயா, தயவுசெய்து ஒரே நாளில் முயல வேண்டாம். பூங்கா நிர்வாகமே அவ்வாறு எச்சரிக்கிறது. மலையில் முதலில் ஏறிக் களைத்துப் பின் இறங்குவோம், அங்கோ 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிய கால்களோடுதான் திரும்ப ஏற வேண்டும். அதற்கு இறங்கிய நேரத்தைப் போல் இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். தென் விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதைகளுள் தென் கைபாப் பாதையில் குடிநீரே கிடையாது என்பதால், ஏறுவதற்கு பிரைட் ஏஞ்சல் பாதையே நல்லது.

மறுமொழி 2:
நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து நம்மை எச்சரிக்கும். அங்கே அது உடனே காய்ந்து, கழுத்துப்பட்டியில் வெள்ளை உப்புக் கோடு மட்டும் மிஞ்சுவதைக் கண்ட பிறகுதான் எவ்வளவு நீர் இழந்தேன் என்று எனக்குப் புரிந்தது. வெறும் தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், ஆகவே உப்புக் கடலையும் எடுத்துச் செல்லுங்கள். கிளைப் பள்ளங்களில் கையூன்றி ஏற நேர்ந்தால், கல்லைத் தட்டிப் பார்த்த பிறகே உடற்பாரத்தைக் கொடுங்கள். தொலைவில் மழை இருண்டால் திடீர் வெள்ளம் வரக்கூடும், அப்பள்ளங்களுக்குள் நுழையவே கூடாது. ஆற்றிலும் நீந்த வேண்டாம். மேலே உள்ள கிளென் கன்யன் அணையின் நீர்த்தேக்க ஆழத்திலிருந்து வரும் நீர் கடுங்குளிரானது, இழுவையும் பெரிது.

உப்புவெளி வாசகர்:
மிக்க நன்றி. ஆற்றோரக் கூடார முகாமில் இரு இரவுகள் தங்க அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன்.