கீழத்தெரு வீட்டார்: காதுகுத்து

செந்தில்: வெள்ளிக்கிழமை பந்தக்கால். புது அருவா ஒண்ணு மூங்கில் கணுவுல பட்டு வாய் பேந்துருச்சு. இன்னொண்ணு கீத்து வெட்டவே மடங்குது.

செல்வி அத்தை: சந்தையில வாங்கிட்டு வந்தது யாரு?

சின்னச் சித்தப்பா: ரெண்டும் லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சதுதான்.

பெரியப்பா: பட்டை நல்லதா இருந்து என்ன, பதம் வேணும்ல. செந்திலு, வாயில அரத்தை இழு. வழுக்குனா பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சதோட விட்டுட்டாங்க, திரும்ப சூடு காட்டல. கண்ணாடி மாதிரி கெட்டி, அதே மாதிரிதான் உடையும். அரம் கடிச்சா பதமே இல்ல.

செந்தில்: பேந்தது வழுக்குது. மடங்குனது கடிக்குது.

கவிதா: முறுக்கு 300 சொல்லவா?

செல்வி அத்தை: 500. போன தடவ பத்தாம யாரு மூஞ்சியத் தூக்குனாங்கன்னு தெரியும்ல.

பெரியப்பா: பேந்ததை ஈரக்கல்லுல சாணை பிடிச்சு, உப்புத்தாள் போட்டு வெள்ளையாத் தேய். கனமான இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அருவா முதுகை அதுமேல வை. சூடு ஏற ஏற நிறம் மாறும்: வைக்கோல் நிறம் 230 டிகிரி, காப்பி நிறம் 260, கத்தரிப்பூ 280, நீலம் 300. வாயில கத்தரிப்பூ வந்ததும் தண்ணியில விடு. முதுகு அப்ப நீலமா இருக்கும். கெட்டி கொஞ்சம் குறையும், ஆனா அடி தாங்கும்.

கவிதா: முறுக்குச் சட்டியில போட்டு எடுத்தா ஆகாதா பெரியப்பா 😄

பெரியப்பா: எண்ணெய் 180, 190தான் இருக்கும். பத்தாது.

செல்வி அத்தை: சட்டியத் தொட்டுப் பாருங்க. அண்டாவே இன்னும் திரும்பி வரல.

குமார் மச்சான்: மடங்குனது சாணை மிஷின்ல அழுத்திப் பிடிச்சு, சூடேறி வாய் நீலம் ஓடி பதம் போனதா இருக்கும். ஒரு விரக்கடை உள்ள தள்ளி அரம் போடு. அங்க வழுக்குனா, வாயை மட்டும் ஈரக்கல்லுல தேய்ச்சு எடுத்துட்டு, பேந்ததுக்குச் சொன்ன மாதிரியே கத்தரிப்பூ நிறம் காட்டுனா போதும்.

சின்னச் சித்தப்பா: சாணை நான் பிடிக்கல.

பெரியப்பா: அங்கயும் கடிச்சா புதுசாத் தோய்க்கணும். காந்தம் ஒட்டாமப் போறது 770 வாக்குல. அதுக்கும் மேல 850 வரை ஏத்து. மஞ்சளாக விட்டா இரும்புக்குள்ள இருக்குற குருணை பருத்துடும், உடைச்ச இடம் கல்கண்டு மாதிரி மினுக்கும். தண்ணியில தோய்க்காத, கீறிடும். எண்ணெயை 50, 60 டிகிரிக்கு சூடாக்கிக்க, குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருந்து சூட்டை இழுக்காது. வாய் கீழ பார்க்க நேரா இறக்கு, சாய்ச்சா கோணிக்கும். கத்தரிப்பூ நிறம் அன்னைக்கே காட்டிடணும், மறுநாளைக்குன்னு வச்சா சும்மா கிடக்கையிலயே கீறல் விடும்.

செந்தில்: உள்ள ஒரு பக்கம் வழுக்குது, ஒரு பக்கம் கடிக்குது.

குமார் மச்சான்: 🤦

சின்னச் சித்தப்பா: வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. நாளைக்கு நம்ம முறை. நான் வயலுக்குப் போயிடுவேன்.

செல்வி அத்தை: அப்ப பட்டறைக்கு?

கவிதா: முறுக்கு 400 சொல்லிட்டேன்.